எல்டர் தம்பியின் வரைபடம்

குறைபாடுள்ள விண்ணப்பத்தை அதிகாரி நிராகரிக்கக் கூடாது. தன்னிடம் வைத்துக்கொள்ளவும் கூடாது. என்ன குறை என்பதை எழுதி, எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்பதையும் குறிப்பிட்டு, விண்ணப்பித்தவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.

இதுதான் விதி. பிரெஞ்சு அரசாங்கத்தின் ஒரு கவுண்டருக்குப் பின்னால் முப்பத்தொரு ஆண்டுகள் உட்கார்ந்து இந்த விதியைக் காத்தவன் நான். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரே ஒரு விண்ணப்பத்தை என் மேசை இழுப்பறையில் எட்டு மாதம் பூட்டி வைத்தேன். அனுப்பிவிட்டதாகச் சொன்னேன். ஒரு மகன் தன் தாயைத் தேடிக் கொடுத்த விண்ணப்பம் அது.

மறதியா? இல்லை. சோம்பலா? அதுவும் இல்லை... வெறுப்பு! மோர்மன் என்கிற அமெரிக்கக் கிறிஸ்தவச் சபையின் பத்தொன்பது வயது மிஷனரி ஒருவன் மேல் எனக்கிருந்த வெறுப்பு.

முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள். ஆனால் உங்கள் மேசையிலும் ஓர் இழுப்பறை இருக்கும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

நான் புதுச்சேரியில் பிறந்த கத்தோலிக்கன். பாவசங்கீர்த்தனத் தொட்டி எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கும், என்ன சொல்லி ஆரம்பிக்க வேண்டும் எல்லாம் எனக்குத் தெரியும். அங்கே போகவில்லை. போனால் என்ன கிடைக்கும்? மூன்று ஜெபம், ஒரு மன்னிப்பு, கையெழுத்து முத்திரை எதுவும் இல்லை. அவ்வளவு மலிவாக முடியும் கோப்பு இல்லை இது.

ஆகவே உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு மன்னிக்கும் அதிகாரம் இல்லை. அதனால்தான்.

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷாப்பலில் தேவி என்கிற யாழ்ப்பாணத்துப் பெண்மணி நடத்திய தேநீர்க்கடை, ஓய்வுக்குப் பின் எனக்கு இரண்டாவது கவுண்டர் ஆயிற்று. சன்னலோர மேசை. கறுப்புப் பேனா, நீலப் பேனா, ஸ்டேப்ளர், நான் ஓய்வு பெறும்போது சக ஊழியர்கள் பரிசளித்த தேதி முத்திரை. வதிவிட அனுமதி, மருத்துவக் காப்புறுதி, குடும்பத்தை அழைத்தல்... எந்தக் கடிதம் வந்தாலும் இலங்கைத் தமிழர்கள் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். "முசியே ஐயா" என்று எழுந்து நின்று கூப்பிடுவார்கள். காசு வாங்கமாட்டேன். அந்த "ஐயா" போதுமாக இருந்தது.

அவர்களை நான் மதித்தேனா? இல்லை. மூன்று பக்கப் படிவத்தில் ஒரு கட்டத்தைக்கூட ஒழுங்காக நிரப்பத் தெரியாதவர்கள். உறையைத் திறக்காமல் ஆறு வாரம் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பவர்கள். நான் திட்டத் திட்டத் தலையைச் சொறிந்தபடி சிரிப்பவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் நான் யார் என்று ஒருபோதும் என்னையே கேட்டதில்லை.

2009 பெப்ரவரியில் அந்த இரண்டு பேரும் கடைக்குள் நுழைந்தார்கள். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, மார்பில் கறுப்புப் பெயர் அட்டை, கையில் குறிப்பேடு. பார்த்த மாத்திரத்தில் கடையிலிருந்த இளைஞர்களில் பாதிப்பேர் பின்கதவால் மறைந்துவிட்டார்கள்.

"அக்கா, சி.ஐ.டி.!" என்று ஒருவன் கிசுகிசுத்துவிட்டுப் போனான்.

"சி.ஐ.டி. இப்பிடிப் பல்லைக் காட்டுமே?" என்றார் தேவி.

இருவரில் ஒருவன் காட்டினான்தான். முப்பத்திரண்டு பல்லும்! எல்டர் ஹேன்சன் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான். எல்டர் என்றால் மூப்பர். மூக்கின் மேல் பரு காயாத பத்தொன்பது வயதுப் பிள்ளை, மூப்பர்! அமெரிக்காவின் நடுவே ஏதோ ஒரு உருளைக்கிழங்குத் தோட்டத்திலிருந்து, தன் சொந்தச் சேமிப்பைச் செலவழித்துக்கொண்டு, பிரான்சுக்கு உண்மையைச் சொல்லிக் கொடுக்க வந்திருந்தான். பிரான்சுக்கு! எங்களிடம் ஏற்கெனவே போதுமான உண்மைகள் உண்டு. பெரும்பாலானவை மூன்று பிரதிகளில்.

அவனோடு வந்தவன் கனடாக்காரன். எப்போதும் அடுத்த மேசையில் உட்கார்ந்து தங்கள் மறைநூலைப் படிப்பான். இவர்களுக்குத் தனியாக எங்கும் போக அனுமதி இல்லை. ஒருவன் மற்றவனின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். விதி. அதை மட்டும் நான் ரசித்தேன்.

தேவி வழக்கப்படி இரண்டு பேருக்கும் தேநீர் வைத்தார். ஹேன்சன் இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்து மன்னிப்புக் கேட்டான். அவர்கள் தேநீர் குடிக்கக் கூடாதாம். காப்பியும் கூடாதாம்.

"தேத்தண்ணியும் குடியான், கோப்பியும் குடியான். அப்ப இவன் என்னத்தைக் குடிச்சு உயிர் வாழுறான்?" தேவிக்கு அது பெரிய அவமதிப்பு. கடைக்கு வந்த எவரும் அதுவரை அவர் நீட்டிய கோப்பையை மறுத்ததில்லை.

கடைக்கு வழக்கமாக வரும் குகன் என்கிறவன் மூலையிலிருந்து சிரித்தான். "அக்கா, மல்லி அவிச்சுக் குடுங்கோ. தடிமன் காய்ச்சலுக்குக் குடிக்கிறதெண்டு சொல்லிப்போடாதேங்கோ."

அப்படித்தான் அவன் கொத்தமல்லித் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். வாரத்தில் மூன்று நாள் வருவான். முகம் மலர வாங்கிக் குடித்து "நல்லா இருக்கு அக்கா" என்பான். தேவி அவனை "எல்டர் தம்பி" என்று கூப்பிடத் தொடங்கினார். அவனுக்கு அது ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி.

அவனுடைய நாட்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! காலை முழுக்கப் படிப்பு. பிறகு நடை. கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையம் வரை ஒவ்வொரு கட்டடமாக. கதவுக்குக் குறியீட்டு எண் தெரியாது. யாராவது உள்ளே போகும்போது கூடவே நுழைவான். ஆறு மாடி ஏறுவான். கதவைத் தட்டுவான். கதவு சாத்தப்படும். இறங்குவான். அடுத்த கட்டடம். ஒருமுறை நான்காம் மாடிக் கிழவி ஒருத்தி அவன்மேல் வாளித் தண்ணீரை ஊற்றினாள். நனைந்த சட்டையோடு கடைக்கு வந்து, "அவர் என்னோடு பேசினார்" என்று மகிழ்ச்சியாகச் சொன்னான். திட்டியதைச் சொல்கிறான், முட்டாள்.

திங்கட்கிழமை மட்டும் விடுமுறை. சலவைக்கடையில் துணி துவைத்துவிட்டு, இணையக் கடையில் வீட்டுக்கு ஒரு மின்னஞ்சல். சப்பாத்தின் அடியில் ஓட்டை விழுந்தபோது அட்டை வெட்டி உள்ளே வைத்தான். ஆறு மாதத்தில் ஒருவரைக்கூட அவன் மதம் மாற்றவில்லை. அந்த ஒரு புள்ளியில் அவன் மேல் எனக்கு முழுத் திருப்தி.

ஆனால் வேறொன்று நடந்தது.

யாரோ வீடு மாறினால் கட்டில் தூக்கப் போனான். லா கூர்னெவில் குகனும் ஏழு பேரும் இருந்த அறைக்கு, மின்தூக்கி வேலை செய்யாத கட்டடத்தில், ஐந்து மாடி குளிர்சாதனப் பெட்டி சுமந்தான். வியாழன் மாலைகளில் இலவச ஆங்கில வகுப்பு வைத்தான். பிறகு... ஒரு நாள் ஒருவன் கையில் மருத்துவமனைக் கடிதத்தோடு கடைக்குள் வந்தான். என் மேசையைத் தாண்டிப் போனான். எல்டர் தம்பியின் முன்னால் உட்கார்ந்தான்.

தாண்டிப் போனான்!

"என்னடா, ஐயா இருக்கிறார்" என்றார் தேவி.

"இல்லை அக்கா, ஐயா ஏசுவார். இவன் சிரிச்சுக்கொண்டு எழுதித் தருவான்."

மெதுவாகத்தான் சொன்னான். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அந்த வசந்தம் முழுவதும் என் மேசைக்கு வருபவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். அவன் எழுதிய பிரெஞ்சு, ஐயோ, அந்தப் பிரெஞ்சு! ஆண்பாலும் பெண்பாலும் கைகோத்துக் கூத்தாடும். ஆனால் கடிதங்களுக்குப் பதில் வந்தது. சிலசமயம் என் கடிதங்களுக்கு வந்ததைவிட வேகமாக. அது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

இப்போது குகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வயது. வன்னியிலிருந்து வந்தவன். ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினான். அவனுடைய அகதி விண்ணப்பத்தை எழுதியவன் நான். அவன் தாய் பரமேஸ்வரி அங்கேயே இருந்தாள். கடைசியாக அவன் அவள் குரலைக் கேட்டது அந்த ஆண்டு சனவரியில். பிறகு தொலைபேசி இல்லை. செய்தி இல்லை. மே மாதம் வந்தது. அந்த மே மாதத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. லா ஷாப்பலில் அப்போது எல்லோரும் தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே சாப்பிட்டார்கள்.

அந்த மாதத்தில்தான் ஒரு நாள் ஹேன்சன் கடையில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னான்: நாளை அவன் தன் தாயோடு பேசப்போகிறான். மிஷனரிகள் வீட்டுக்கு வருடத்தில் இரண்டே முறைதான் தொலைபேசலாம். கிறிஸ்துமசுக்கு ஒன்று. அமெரிக்காவின் அன்னையர் தினத்துக்கு ஒன்று.

நான்தான் குகனுக்கு மொழிபெயர்த்தேன்.

"ரெண்டு தரமோ? பாவம்தான்" என்றான் அவன். "சொல்லுங்கோ ஐயா அவனுக்கு. அவன்ரை அம்மா எடுத்தவுடனை நேரத்தைப் பாக்க வேண்டாமெண்டு. கதைக்கட்டும். விடியும்வரை கதைக்கட்டும்."

அதையும் மொழிபெயர்த்தேன். பையனின் சிரிப்பு முதன்முறையாக அணைந்தது. "அண்ணை, உங்கட அம்மா?" என்று கேட்டான். நான் பதில் சொன்னேன்: தெரியாது, உயிரோடு இருக்கிறாளா என்றுகூட.

அதற்குப் பிறகு அவன் விடவில்லை. போரில் பிரிந்தவர்களைத் தேடித் தரும் பன்னாட்டுப் பணியகம் ஒன்றின் படிவத்தை எங்கேயோ தேடி வாங்கிவந்தான். குகனுக்கு ஓய்வு கிடைக்கும் பிற்பகல்களில் இரண்டு பேரும் உட்கார்ந்து நிரப்பினார்கள். அரைகுறைத் தமிழ், அரைகுறைப் பிரெஞ்சு, கையசைவுகள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த மேசையில்தான் இருந்தேன்.

ஆகஸ்டில் அவனுக்கு மாற்றல் வந்தது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை அவர்கள் தலைமையிலிருந்து அழைப்பு வரும். போகச் சொன்னால் இரண்டு நாளில் பெட்டியைக் கட்டிவிட வேண்டும். பழைய இடத்துக்குத் திரும்பக் கூடாது. ஹேன்சனைப் பிரெஸ்டுக்கு அனுப்பினார்கள். மேற்கில், கடல் ஓரத்தில், ஆண்டு முழுவதும் மழை.

போகும் முன் என் மேசைக்கு வந்தான். படிவத்தை இரு கைகளாலும் நீட்டினான்.

"ஐயா, உங்களுக்குத்தான் எல்லா நடைமுறையும் தெரியும். நான் தப்பு விட்டிருப்பேன். பாத்துத் திருத்தி அனுப்புவீங்களோ?"

யாழ்ப்பாணத் தமிழில் கேட்டான்! முகவரிக் கட்டத்தில் என் வீட்டு முகவரியைப் போட்டிருந்தான். எட்டுப் பேர் இருக்கும் அறையில் கடிதம் தொலைந்துவிடும் என்று குகனே சொன்னானாம்.

"விடுப்பா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

வீட்டில் திறந்து பார்த்தேன். ஆத்திரம் வந்தது. தாயின் பிறந்த தேதி: "தெரியாது." குடும்பப் பெயர் கட்டத்தில் கணவன் பெயர். நான்காம் பக்கத்தில் ஒரு வரைபடம் ஒட்டப்பட்டிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை வரைவது போல, வண்ணப் பென்சிலில்! குளம், மதகு, மதகிலிருந்து மூன்றாவது ஒழுங்கை என்கிற சந்து, வாசலில் நீலப் படலை, படலைக்குப் பக்கத்தில் கோழிக்கூடு. கூட்டைச் சுற்றி ஏழு கோழி. எண்ணினேன். ஏழேதான். "அம்மாவிடம் ஏழு கோழி இருந்தன" என்று கீழே பிரெஞ்சில் எழுதி, கோழி என்ற சொல்லின் அடியில் கோடு வேறு.

அலுவலகப் படிவத்தில் கோழி!

திருத்தப் பத்து நிமிடம் போதும். திருத்தவில்லை. விதிப்படி குகனிடம் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து உள்ளே வைத்துப் பூட்டினேன்.

என்ன நினைத்தேன்? இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றிவந்தேன். அந்தப் பையன் எழுதிய ஒரு கடிதத்துக்காவது பதில் வரக் கூடாது என்று நினைத்தேன். "எல்டர் தம்பி எழுதினால் நடக்காது, முசியே ஐயாவிடம் போ" என்று கடையில் ஒருவனாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். குகனின் தாயை நான் நினைக்கவே இல்லை. அவள் எனக்கு நான்காம் பக்கத்தில் ஒரு கோழிக்கூடு.

அக்டோபரில் பிரெஸ்டிலிருந்து முதல் கடிதம் வந்தது. மழை. கதவுகள். ஒருவர் நாயை ஏவிவிட்டார், ஆனால் நாய் நல்ல நாய். கடைசி வரி: பணியகத்திலிருந்து பதில் வந்ததா?

பதில் எழுதினேன். அலுவலகத் தாளில், அலுவலக நடையில்: தங்கள் விண்ணப்பம் உரிய இடத்தில் பரிசீலனையில் உள்ளது.

சனவரியில் இரண்டாவது கடிதம். கிறிஸ்துமஸ் அழைப்பில் தன் தாயிடம் குகனின் தாயைப் பற்றித்தான் பாதி நேரம் பேசினானாம். அவளும் அவள் சபையினரும் தினமும் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறார்களாம். பரமேஸ்வரி என்ற பெயரை அந்த உருளைக்கிழங்குத் தோட்டத்து ஜனங்கள் எப்படி உச்சரித்திருப்பார்கள் என்று நினைத்துச் சிரித்தேன். சிரித்துவிட்டு அதே வரியை மறுபடியும் எழுதினேன்: பரிசீலனையில் உள்ளது.

பொய்தானே? இல்லை என்று அன்று வாதாடியிருப்பேன். இழுப்பறையும் ஓர் இடம்தானே!

குகன் என்னிடம் வாரா வாரம் கேட்டான். பிறகு மாதம் ஒருமுறை. ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு பிற்பகல் என் மேசை எதிரே வந்து உட்கார்ந்தான்.

"ஐயா, இந்தக் கந்தோர்க்காரர் எட்டு மாசமாப் பதில் போடேல்லை. என்ன கருத்து?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சாவி சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் அவன் கேள்வியிலிருந்து தப்பிக்க வேண்டும். எப்படி? விதியை எடுத்தேன். விதிதான் எனக்குத் தெரிந்த ஒரே ஒளிவிடம்.

"இந்த நாட்டுச் சட்டம் என்ன சொல்லுது தெரியுமா? ரெண்டு மாசம் ஆபீஸ் பதில் போடலைன்னா மனுவை மறுத்தாச்சுன்னு அர்த்தம். கோப்பு மூடியாச்சு."

அப்போது அதுதான் இங்கே சட்டம். அரசு அலுவலகங்களுக்கான சட்டம். தேடுதல் பணியகத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. எனக்கு அது தெரியாதா?

"அப்ப அவை தேடி முடிச்சிட்டினமோ ஐயா?"

"முடிச்சிட்டாங்க. இனிமே காத்திருக்காதப்பா."

தலையாட்டினான். கண்ணீர் எதுவும் இல்லை. எனக்கு நன்றி சொன்னான். தன் தேநீரோடு என் தேநீருக்கும் தேவியிடம் காசு கொடுத்துவிட்டு வேலைக்குப் போனான்.

இரண்டு வாரம் கழித்துத் தேவி என்னைக் கூப்பிட்டார். "முசியே ஐயா, வாற பூரணைக்குக் குகன் கஞ்சி குடுக்கிறான். நீங்கள் கட்டாயம் வரவேணுமாம்."

"என்ன விசேஷம்?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். புதுச்சேரிக்காரனுக்கு இது தெரியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். சித்திராப் பூரணை, அதாவது சித்திரைப் பௌர்ணமி விரதம், யாழ்ப்பாணத்தாரிடையே தாயை இழந்தவர்கள் மட்டும் பிடிப்பது. தகப்பனுக்கு ஆடி அமாவாசை. தாய்க்குச் சித்திராப் பூரணை. தாய் உயிரோடு உள்ளவன் அன்று விரதம் இருக்க மாட்டான். அது தாய்க்கு ஆகாது என்று பயப்படுவார்கள்.

"இந்த வருசம்தான் முதல்தரம் பிடிக்கிறான். நீங்கள் சொன்னாப் பிறகுதானாம் மனம் தெளிஞ்சது" என்றார் தேவி.

நான் சொன்ன பிறகு.

கோயில் மண்டபத்தில் கஞ்சி ஊற்றினார்கள். அன்று எமனுடைய கணக்கப்பிள்ளையின் கதையை ஒருவர் ராகம் போட்டு வாசித்தார். மனிதர்கள் செய்ததையும் செய்யாததையும் ஏட்டில் எழுதி வைக்கும் ஓர் எழுத்தராம்! என் உத்தியோகத்துக்குக்கூட ஒரு தெய்வம் வைத்திருக்கிறார்கள்... கத்தோலிக்கனான நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சப்பணமிட்டு உட்கார்ந்து அதைக் கேட்டேன். குகன் மொட்டையடித்திருந்தான். எனக்குத் தானே வந்து ஊற்றினான்.

"குடியுங்கோ ஐயா. நீங்கள் இல்லாட்டி நான் இன்னும் பாத்துக்கொண்டுதான் இருப்பன்."

குடித்தேன். முழுக் கோப்பையும் குடித்தேன்.

அன்று பிற்பகலே வீட்டுக்குப் போய் இழுப்பறையைத் திறந்தேன். படிவத்தைத் திருத்தினேன். பிரெஞ்சு முறைப்படி பெண்ணுக்கு அவள் பிறந்த குடும்பத்தின் பெயரைத்தான் எழுத வேண்டும். கணவன் பெயரை அடித்துவிட்டு, குகனின் பழைய கோப்பிலிருந்து அவள் தகப்பன் பெயரை எடுத்துப் போட்டேன். பிறந்த தேதி தெரியாவிட்டால் சனவரி முதல் தேதி போடுவது வழக்கம், போட்டேன். வரைபடத்தைக் கிழித்தெடுக்கப் பார்த்தேன். வரவில்லை. பையன் நன்றாகப் பசை போட்டு ஒட்டியிருந்தான். அப்படியே பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

குகனிடம் சொல்லவில்லை. என்ன சொல்வது? நீ கஞ்சி ஊற்றியதற்குப் பிறகு தேட ஆரம்பித்திருக்கிறேன் என்றா?

அக்டோபரில் ஒரு காலை, பெட்டியும் கையுமாக எல்டர் ஹேன்சன் கடைக்குள் வந்தான். இரண்டு ஆண்டு முடிந்துவிட்டது, பிற்பகல் விமானம். தலைமையிடம் கெஞ்சி ஒரு மணி நேரம் வாங்கியிருந்தான். வழக்கம் போலப் பக்கத்தில் ஒரு சோடி, இது வேறு ஆள். ஹேன்சன் இளைத்திருந்தான். பரு போயிருந்தது. சட்டைக் காலர் நூல் நூலாகத் தொங்கியது.

"எல்டர் தம்பி! என்னடா இது, பிரெஸ்டிலை உனக்குச் சாப்பாடு போடேல்லையோ?" தேவி அழுதுகொண்டே மல்லி அவிக்கப் போனார்.

அவன் குகனைத் தேடினான். குகன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். எழுந்து வந்து அவன் கையைப் பிடித்தான்.

"அண்ணை, பதில்?"

"அம்மா போய்ச் சேந்திட்டா, தம்பி."

பையன் என் பக்கம் திரும்பினான். பதில் வந்துவிட்டதா என்று கண்ணால் கேட்டான். அந்த இரண்டு வருடமும் அவன் மோதிய கதவுகளில் ஒன்றாவது திறந்ததா என்று கேட்டான்.

நான் தலையசைத்தேன். ஆம் என்று.

அவன் குகனைக் கட்டிக்கொண்டு அழுதான். குரல் விட்டு, கூச்சமே இல்லாமல், கடை நடுவில். குகன்தான் அவன் முதுகைத் தட்டித் தேற்றினான்: "அழாதை. நீ செய்ய வேண்டியதைச் செய்தாய். நாளைக்கு உன்ரை அம்மாவைப் பாக்கப் போறாய், சிரிச்சுக்கொண்டு போ."

கிளம்பும்போது பையன் என் கையைக் குலுக்கினான். "நீங்கள் இல்லாவிட்டால் அவருக்கு முடிவே தெரிந்திருக்காது, ஐயா." அவன் கை சொரசொரப்பாக இருந்தது. மல்லித் தண்ணீரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனான்.

என் வாழ்நாள் முழுவதும் முட்டாள்களை வெறுத்தேன். என்னை நம்பிய இரண்டு பேரை ஒரே இடத்தில் பார்த்த பிறகும் வெறுத்தேன். என்ன செய்ய... பழக்கம்! அதற்குப் பிறகு வெறுக்க ஒருவன்தான் மிஞ்சினான். அவனோடுதான் தினமும் சவரம் செய்துகொள்கிறேன்.

ஒவ்வொரு சித்திராப் பூரணைக்கும் குகன் என்னைக் கூப்பிடுகிறான். இப்போது அவனுக்குப் பொபினியில் வீடு, மனைவி, பிரெஞ்சில் மட்டுமே பதில் சொல்லும் இரண்டு பிள்ளைகள். எனக்கு முழங்கால் மடங்குவதில்லை, நாற்காலி போடுகிறார்கள். முதல் கோப்பை எனக்குத்தான். பிள்ளைகளிடம் சொல்கிறான்: "இந்த ஐயாவாலைதான் அப்பம்மாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யக்கூடியதா இருந்தது." நான் குடிக்கிறேன். ஒருநாள் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வருடமும் போகிறேன். சொல்லாமல் திரும்புகிறேன். அவனுடைய நிம்மதியைக் கெடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. கருணையாம்! கோழைத்தனத்துக்கு அலுவலக மொழியில் அதுதான் பெயர்.

ஏனென்றால், பதில் வந்தது.

பையன் விமானம் ஏறிய அடுத்த மாதம். என் முகவரிக்கு. இரண்டு பக்கம்.

நீங்கள் குறிப்பிட்ட பெயரிலும் பிறந்த தேதியிலும் எந்தப் பதிவும் இல்லை, அதனால் தேடல் சில வாரங்கள் நின்றுபோனது என்று முதல் பத்தியில் எழுதியிருந்தார்கள். என் திருத்தங்களைத்தான் சொன்னார்கள். இணைக்கப்பட்டிருந்த கைவரைபடத்தை முகாம்களில் இருந்தவர்களிடம் காட்டியிருக்கிறார்கள். பக்கத்து ஒழுங்கைப் பெண் ஒருத்தி கோழிக்கூட்டைப் பார்த்ததும் அடையாளம் சொன்னாளாம். அந்தக் கோழிகளைப் பார்த்து!

தர்மலிங்கம் பரமேஸ்வரி, கணவன் பெயரிலேயே, பையன் முதலில் எழுதிய அதே பெயரில், 2009 மே மாத இறுதியிலிருந்து வவுனியாவில் ஒரு முகாமில் பதிவாகியிருந்தாள். அந்த ஆண்டு செப்டம்பரில், பிரான்சில் உள்ள தன் மகனைத் தேடித் தரும்படி அவளும் இதே பணியகத்துக்கு விண்ணப்பம் கொடுத்திருந்தாள். மகனின் முகவரி அவளுக்குத் தெரியவில்லை. இந்தப் பக்கத்திலிருந்து ஒரு விண்ணப்பம் வந்து சேர வேண்டியதுதான் பாக்கி. வரவில்லை. 2010 சூன் 17 அன்று மருத்துவமனையில் இறந்தாள். மகன் அவளுக்காகக் கஞ்சி ஊற்றி ஏழு வாரம் கழித்து.

குகன் விரதம் இருந்த அன்று அவள் உயிரோடு இருந்தாள். காத்துக்கொண்டிருந்தாள்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு, முப்பத்தொரு ஆண்டுப் பழக்கம், கை தானாக முத்திரையை எடுத்தது. மையில் ஒற்றி, வலது மேல் மூலையில், கோணாமல் குத்தினேன். அதே இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். இன்றும் அங்கேதான் இருக்கிறது. மை மங்கவில்லை.

வந்து சேர்ந்தது: 2010 நவம்பர் 9, செவ்வாய்க்கிழமை.